முதுகு முறிந்த கிதாபுகள்



கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் பரணையோ மரப்பெட்டியையோ திறந்து பார்த்தால், பாட்டனார் காலத்துக் கிதாபுகள் சில இன்றும் கிடைக்கக் கூடும். பம்பாயில் கல்லச்சில் பதிக்கப்பெற்ற அரபுக் கிதாபு, கெய்ரோவில் ஈய எழுத்தில் அச்சான சட்ட நூல், அரபுத் தமிழில் எழுதப்பெற்ற மார்க்க நூல், மூதாட்டியர் இராகத்தோடு ஓதி வந்த மாலை, கிஸ்ஸா, முனாஜாத்து ஏடுகள் என்று அவை பலவகைப்படும். எதைக் கையில் எடுத்தாலும் பெரும்பாலும் ஒரே குறைதான் கண்ணில் படும். உள்ளே தாள்கள் ஓரளவு நன்றாகவே இருக்கும்; முதுகு மட்டும் பிளந்து, அட்டை ஒரு பக்கமும் ஏடுகள் ஒரு பக்கமுமாகத் தொங்கும்.

இத்தகைய நூலுக்கு நம் வீடுகளில் வழக்கமாக இரண்டு முடிவுகளே காத்திருக்கின்றன. ஒன்று, "கிழிந்து போயிற்று" என்று மூட்டையில் கட்டி, மண்ணில் புதைக்கவோ நீரில் விடவோ அனுப்பி விடுகிறோம். மற்றொன்று, "புதிதாகப் பைண்டு செய்து கொடுங்கள்" என்று அருகிலுள்ள கடையில் ஒப்படைத்து விடுகிறோம். முதலாவதில் நூல் போய் விடுகிறது. இரண்டாவதில் நூல் திரும்பி வருகிறது. ஆனால் அதில் இருந்தவற்றுள் பாதி போய் விடுகிறது! பழைய நூலின் முதுகைச் செப்பனிடுவது என்பது அதைப் புதிதாக்குவது அன்று. உள்ளதை உள்ளபடியே நிற்க வைப்பது. இந்த வேறுபாட்டை உணர்ந்து கொண்டால், நம் வீட்டு நூல்களைக் காப்பாற்ற நாமே போதும்.

முதுகு எனப்படுவது யாது?

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விட்டால் அது நூலாகி விடாது. பெரிய தாள்களை மடித்துச் சிறு சிறு மடிப்புக் கட்டுகளாக்குவர். அச்சகத்தார் இதனைப் 'பாரம்' என்பர். ஒவ்வொரு பாரத்தின் நடுமடிப்பிலும் நூலிழை புகுந்து, அடுத்த பாரத்தோடு அதனைப் பிணைக்கிறது. அத்தையலின்மேல் பசை, பசையின்மேல் துணி, துணியின்மேல் தோலோ காலிகோவோ வருகின்றன. நூலைத் திறக்கும்போதெல்லாம் வளைந்து கொடுப்பது இந்த முதுகே ஆகும். அட்டையோ தாளோ அவ்வளவு உழைப்பதில்லை. எனவே முதலில் முறிவதும் முதுகே!

அரபு மொழியில் 'ஜில்து' என்றால் தோல். நூலுக்குத் தோலால் அட்டை கட்டுபவர் 'முஜல்லித்'. அவ்வாறு கட்டப்பெற்றது 'முஜல்லத்'. நம் மதரஸாக்களில் "முதல் ஜில்து, இரண்டாம் ஜில்து" என்று நூலின் பாகங்களைக் குறிப்பிடுவதும் இதனாலேயே ஆகும்.

இத்தொழிலை நம் முன்னோர் அற்பமாக எண்ணியதில்லை. பக்தாதைச் சேர்ந்த இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) தொகுத்த 'அல் ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலில், அறிஞர்களோடு நூல்களுக்குக் கட்டு அமைத்தவர்களின் பெயர்களையும் குறித்து வைத்தார். கலீஃபா மஃமூனின் நூலகத்தில் இப்பணியைச் செய்த இப்னு அபில் ஹரீஷின் பெயரை இன்று நாம் அறிவது அதனாலேயே. கி.பி. 1062இல் காலமான, வட ஆப்பிரிக்காவை ஆண்ட முயிஸ்ஸு இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் 'உம்தத்துல் குத்தாப்' என்னும் நூல், மை காய்ச்சுவதையும் எழுதுகோல் சீவுவதையும் கூறி, நூற்கட்டுக்கென்றே தனி அத்தியாயம் ஒன்றை ஒதுக்குகிறது. அரசர் பெயரால் வழங்கும் நூலில் பசைக்கும் ஊசிக்கும் இடம் இருந்தது!

இருவகைக் கட்டுகள்

செப்பனிடத் தொடங்குமுன், கையிலிருப்பது எவ்வகைக் கட்டு என்பதை அறிதல் வேண்டும்.

இஸ்லாமிய நாடுகளின் பழைய கட்டில் முதுகு தட்டையாக இருக்கும். தோல், முதுகின்மேல் நேரடியாக ஒட்டப்பட்டிருக்கும். அட்டையின் ஓரம் தாளின் ஓரத்தோடு சமமாக நிற்கும். பின்னட்டையிலிருந்து ஒரு மடல் நீண்டு, தாள்களின் திறந்த ஓரத்தை மூடிக்கொண்டு முன்னட்டைக்குள் புகும். இக்கட்டு முழுவதுமாக விரித்துப் பரப்புவதற்காகச் செய்யப்பட்டதன்று. குர்ஆனை விரிபலகையின்மேல் வைத்து ஓதுகிறோம் அல்லவா? அது கண்ணியத்திற்காக மட்டும் அன்று; பாதி விரிந்த நிலையிலேயே இருபுறமும் தாங்கி, முதுகைக் காப்பதற்காகவும் ஆகும்.

மற்றொன்று, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவில் பரவிய துணிக்கட்டு. இதில் ஏடுகளைத் தனியே தைத்து, அட்டைக்கூட்டைத் தனியே செய்து, பிறகு இரண்டையும் இணைப்பர். முதுகுத்துணிக்கும் ஏடுகளுக்கும் இடையே வெற்றிடம் இருப்பதால் நூல் நன்றாக விரியும். ஆனால் இரண்டையும் இணைத்திருப்பவை ஒரு மெல்லிய துணியும் ஒட்டுத்தாளுமே. அவை கிழிந்தால் ஏடுகள் கூட்டிலிருந்து கழன்று விடும். நம் வீடுகளிலுள்ள 20ஆம் நூற்றாண்டு நூல்களில் பல இவ்வகையினவே.

முறிவதற்குக் காரணங்கள்

வயது மட்டும் காரணம் அன்று. நூலடுக்கிலிருந்து எடுக்கும்போது முதுகின் மேல்விளிம்பில் விரலை மாட்டி இழுக்கிறோம், விளிம்பு கிழிகிறது. படித்த பக்கத்தை மறவாதிருக்கக் கவிழ்த்து வைக்கிறோம்; மூட்டு பிளக்கிறது. கனத்த நூலைச் செங்குத்தாக நிறுத்துகிறோம். ஏடுகளின் பாரமே முதுகைக் கீழ்நோக்கி இழுக்கிறது.

கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று பசையை இளகச் செய்கிறது. கோடை அதனை உலர்த்தி நொறுங்கச் செய்கிறது. பூச்சிகளுக்கோ முதுகே உணவறை! மாவுப்பசை அங்கேதான் மிகுதி. இராமபாணப் பூச்சியும் நூற்புழுவும் அங்கே குடியேறுவதற்கு இதுவே காரணம். அக்காலத்து எழுத்தர்கள் ஏடுகளில் "யா கபீகஜ்" என்று எழுதி வைப்பது வழக்கம். கபீகஜ் என்பது பூச்சிகளைக் கொல்லும் என்று கருதப்பட்ட ஒரு நச்சுச் செடி. பெயரை எழுதினாலே புழு அஞ்சும் என்று நம்பினர். அந்தப் பெயர் எழுதிய ஏட்டையே புழு துளைத்திருப்பதும் உண்டு! மாதம் ஒருமுறை நூலை எடுத்துத் தூசு தட்டி, நிழலில் காற்றாட வைப்பதே அதனினும் நல்ல காவல்.

தாளின் தன்மையும் ஒரு காரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மரக்கூழில் செய்யப்பட்டு, படிகாரமும் பிசினும் சேர்க்கப்பட்ட தாள்களில் நாளடைவில் அமிலம் பெருகுகிறது. தாள் பழுத்து, அப்பளம்போல் நொறுங்குகிறது. அதற்கு முந்தைய கந்தல்துணிக் கூழ்த்தாள் இன்றும் வலுவாக இருக்க, பேரனின் நூல் பாட்டனின் நூலுக்கு முன்னரே உதிர்வதன் மர்மம் இதுதான்.

கடையில் கொடுக்குமுன்…

பள்ளிப் புத்தகங்களுக்கும் கணக்கேடுகளுக்கும் பழகிய பைண்டர், பழைய கிதாபையும் அவ்வாறே கையாள்வார். அது அவர் குற்றமன்று. நாம் சொல்லாததே குற்றம். மூன்று செயல்களால் பழைய நூல் அழிகிறது.

முதலாவது, வெட்டு. ஓரங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக மூன்று பக்கமும் இயந்திரத்தில் வெட்டுவர். ஆனால் பழைய அரபுக் கிதாபுகளின் ஓரம் வெற்றிடம் அன்று! நடுவில் மூலமும், ஓரத்தில் விரிவுரையோ வேறொரு முழு நூலோ அச்சாகியிருக்கும். அங்கேயே ஓதிய ஆலிம் தம் கையால் எழுதிய குறிப்பும் இருக்கும். கால் அங்குலம் வெட்டினாலும் ஒரு நூல் ஊனமாகி விடும்.

இரண்டாவது, பக்கத்தையல். ஏடுகளின் ஓரத்தில் துளையிட்டு, மேலிருந்து கீழாகத் தைத்து இறுக்கி விடுவர். நூல் அதன்பின் விரியாது. விரித்தால் தையலை ஒட்டியே தாள் முறியும். பழைய தாளுக்கு இது தூக்குக்கயிறே ஆகும்.

மூன்றாவது, பழைய அட்டையையும் முன்பின் வெற்றுத்தாள்களையும் எறிந்து விடுவது. "இன்ன வருடம், இன்ன மாதம், பிறை இத்தனையில் மகன் பிறந்தான்", "இன்ன நாளில் கப்பலேறினார்" என்றெல்லாம் நம் மூதாதையர் எழுதி வைத்தது அந்தத் தாள்களில்தானே! பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தின் குடும்பப் பதிவேட்டை, ரெக்சின் அட்டைக்காக நாம் விலையாகக் கொடுத்து விடுகிறோம்.

ஆகவே கடையில் கொடுப்பதாயின், நான்கு சொற்களை எழுதிக் கொடுங்கள்: "வெட்ட வேண்டாம், பக்கத்தையல் வேண்டாம், எதையும் எறிய வேண்டாம், வலப்புறம் கட்டவும்." கடைசிச் சொல் மிக முக்கியமானது. அரபு நூலுக்கும் அரபுத் தமிழ் நூலுக்கும் முதுகு வலப்புறம் இருக்க வேண்டும்.

ஏடுகள் கலைந்திருந்தால் வரிசையை நீங்களே சரிபார்த்துக் கொடுங்கள். பக்க எண் அழிந்திருந்தாலும் கவலையில்லை. பழைய கிதாபை விரித்தால், வலப்பக்க ஏட்டின் அடியில், இடது மூலையில் ஒரு சொல் தனியே நிற்கும். எதிரே உள்ள இடப்பக்கத்தின் முதற்சொல் அதுவே. இவ்விரண்டும் பொருந்தினால் வரிசை சரி. ஓதத் தெரிந்த சிறுவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஆர்வத்தோடு செய்து முடிப்பார்கள்.

அல்வாச் சட்டியில் பசை

இனி, வீட்டிலேயே செய்யத்தக்க பணிக்கு வருவோம். இதற்கு முதற்தேவை பசை.

செலோ டேப்பைக் கிட்டவே கொண்டு வராதீர்கள்! சில ஆண்டுகளில் அதன் பிளாஸ்டிக் உதிர்ந்து, பசை மட்டும் தாளுக்குள் ஊறி, மஞ்சள் கறையாக நிலைத்து விடும். மரவேலைக்கான வெள்ளைச் செயற்கைப் பசை காய்ந்த பின் எளிதில் நீங்காது. பின்னொரு நாளில் வல்லுநர் ஒருவர் திருத்த முயன்றாலும் தாள் கிழியும். வச்சிரம் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சப்படுவது. எந்த விலங்கு என்பது நமக்குத் தெரியாத நிலையில், திருக்குர்ஆனுக்கு அதனைத் தவிர்ப்பதே பேணுதல். மயில்துத்தம் கலந்த மாவுப்பசையும் வேண்டாம். அது பூச்சியைத் தடுக்கும்; ஆனால் அதிலுள்ள செம்பு நாளடைவில் தாளையே அரிக்கும்; குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நஞ்சும் ஆகும்.

உலகெங்கும் நூல் காப்பாளர்கள் நம்பும் பசை கோதுமை மாச்சத்தே. அதனை எடுக்கும் வழியை நம் இல்லத்தரசியருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுக்கிறீர்கள் அல்லவா? அதே பால்தான்! கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கசக்கி, இரப்பர்போல் திரளும் சக்கையை நீக்கி விடுங்கள். பாலைத் தெளிய வைத்து, மேல்நீரை இறுத்து, அடியில் படிந்த வெண்மையான மாவை எடுங்கள். சக்கையை நீக்குவதால் பசை மென்மையாகிறது. பூச்சிக்கும் அவ்வளவு உவப்பாவதில்லை.

ஒரு பங்கு உலர்ந்த மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் இடைவிடாது கிளறுங்கள். சுமார் 20 நிமிடங்களில் வெண்மை மாறிக் கண்ணாடிபோல் பளபளக்கும். ஆறியபின் மெல்லிய துணியில் வடிகட்டி, தேவைக்கேற்பத் தண்ணீர் கலந்து கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் பயன்படுத்தி விடுங்கள். புளித்தால் எறிந்து விடுங்கள். இப்பசையின் பெருஞ்சிறப்பு, ஈரம் பட்டால் மீண்டும் இளகும் என்பதே. இன்று நாம் செய்ததை நாளை ஒருவர் தீங்கின்றிப் பிரிக்கலாம். பிரிக்க முடியாதது செப்பனிடல் ஆகாது என்பது இத்துறையின் அடிப்படை விதி.

தளர்ந்த மூட்டு

துணிக்கட்டு நூலில் ஏடுகள் கழலாமல், அட்டை மட்டும் ஆடுகிறதா? இதுவே எளிய பழுது. கம்பளி பின்னும் மெல்லிய ஊசி ஒன்றில் பசையைத் தடவி, நூலைச் செங்குத்தாக நிறுத்தி, முதுகுக்கும் அட்டைக்கும் இடையேயுள்ள பிளவில் விட்டு உருட்டுங்கள். பசை உள்ளே பரவும். அட்டையை மூடி, மூட்டின் வெளிப்பள்ளத்தில் இருபுறமும் ஊசிகளை வைத்து, மேலே பலகையும் பாரமும் ஏற்றி, ஓர் இரவு விட்டு விடுங்கள். ஏடுகள் ஒட்டிக் கொள்ளாதிருக்க, அட்டைக்கும் ஏட்டுக்கும் இடையே மெழுகுத்தாள் வைக்க மறவாதீர்கள்.

பிளந்த முதுகு

முதுகு கிழிந்து தொங்கினால், முதலில் தையலைப் பாருங்கள். பாரங்களின் நடுமடிப்பை விரித்து, நூலிழை அறாமல் இருக்கிறதா என்று காணுங்கள். அறுந்திருந்தால் மறுதையல் தேவை. அது கைதேர்ந்தவர் வேலை. தையல் உறுதியாக இருந்தால் துணிந்து தொடங்கலாம். அதற்கு முன் ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

பழைய முதுகைக் கிழிக்காமல் பிரித்து எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஏடுகளின் முதுகில் கெட்டிப்பட்டிருக்கும் பழைய பசையின்மேல், நம் பசையைக் கனமாகப் பூசிக் கால்மணி நேரம் விடுங்கள். அது ஊறியதும் மழுங்கிய மரத்துண்டால் மெல்ல வழித்தெடுங்கள். பிறகு மெல்லிய நீளிழைத் தாளை ஒட்டுங்கள். ஜப்பானியத் தாள் கிடைத்தால் மிக நன்று. அது காய்ந்தபின், இருபுறமும் ஓர் அங்குலம் மிஞ்சுமாறு மல் துணியை ஒட்டுங்கள்.

அடுத்து, முதுகின் அகலத்தைப்போல் மூன்று மடங்குள்ள உறுதியான தாளை மூன்றாக மடித்துத் தட்டையான குழலாக்குங்கள். அதன் ஒரு பக்கத்தை ஏட்டு முதுகிலும், மறுபக்கத்தைப் புதிய காலிகோத் துணியிலும் ஒட்டுங்கள். நூலைத் திறக்கும்போது குழல் விரிந்து கொடுக்கும், துணி மடங்காது. பழைய அட்டையின் மேல்துணியை அரை அங்குலம் மட்டும் நெம்பி, அதனடியில் புதிய துணியின் ஓரங்களைச் செருகி ஒட்டுங்கள். மல் துணியின் ஓரங்கள் அட்டையின் உட்புறம் ஒட்டுத்தாளின் கீழே செல்லட்டும். கடைசியாக, எடுத்து வைத்த பழைய முதுகைப் புதிய துணியின்மேல் ஒட்டி விடுங்கள். பார்ப்பவருக்கு அது பழைய நூலாகவே தோன்ற வேண்டும்!

ஒரு நுட்பம்: தாளின் இழையோட்டம் முதுகின் நீளவாட்டத்தில் இருக்க வேண்டும். தாளை இருவாட்டமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எவ்வாட்டத்தில் எளிதாகச் சுருள்கிறதோ, அந்தச் சுருளின் நீளவாட்டமே இழையோட்டம். மாறி ஒட்டினால் தாள் சுருங்கி முதுகைத் திருகும்.

செப்பனிடாமையும் ஒரு செப்பம்

எல்லா நூலையும் ஒட்டித் தைக்க வேண்டும் என்பதில்லை. தாளின் வெறுமூலையை மெல்ல மடித்துப் பாருங்கள். ஓரிரு மடிப்பிலேயே ஒடிந்து விழுந்தால் அத்தாள் தையலைத் தாங்காது. முதுகை வலுவாக்க வலுவாக்க, தாள் அதன் அருகிலேயே முறியும். அத்தகைய நூலைத் தூய பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, அளவான அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். பக்கங்கள் அனைத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, உறவினர் இருவரிடமேனும் ஒரு படி கொடுத்து வையுங்கள். கையெழுத்துப் பிரதியாகவோ தங்கப்பூச்சு உள்ளதாகவோ இருந்தால் வீட்டுப் பசை வேண்டாம், வல்லுநரை நாடுங்கள். ஈரம் பட்டால் சில மைகள் கரைந்து விடும்.

ஓத இயலாதவாறு சிதைந்த திருக்குர்ஆன் ஏடுகளைக் கண்ணியமாக அடக்கம் செய்வது நம் வழக்கம். அதற்கு முன் ஒருமுறை, ஓர் ஆலிமையும் பழைய ஏடுகளை அறிந்த ஒருவரையும் அழைத்துக் காட்டுங்கள். 1972இல் ஏமன் நாட்டின் ஸன்ஆப் பெரிய பள்ளிவாசலைப் பழுது பார்த்தபோது, கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே ஆயிரக்கணக்கான பழைய ஏடுகள் கிடைத்தன. பழையவை என்று முன்னோர் கண்ணியத்துடன் ஒதுக்கி வைத்தவை அவை. அவற்றுள் சில ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்த திருக்குர்ஆன் ஏடுகள் என்று ஆய்வாளர்கள் கண்டனர். ஒதுக்கியவர்கள் அழிக்காமல் வைத்ததாலேயே உலகுக்கு அவை கிடைத்தன.

நம் சமுதாயத்தின் அச்சு வரலாறும் இத்தகைய பரண்களையே நம்பி நிற்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஓலைச்சுவடிகளிலிருந்து ஒப்பிட்டு, 1842இல் அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். சுவடிகளை வீடுகளில் காத்து வைத்தவர்கள் இல்லையேல், அவர் எதனை ஒப்பிட்டிருப்பார்? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபுத் தமிழில் எழுதிய நூல்களின் பழைய பதிப்புகளை இன்று தேடுவோர் பலர். அவற்றைப் படிக்க அறிந்தோர் சிலர். எஞ்சியிருக்கும் ஒரு படி உங்கள் வீட்டுப் பரணில் இல்லை என்று யார் கூற முடியும்?

ஆகவே சகோதர சகோதரிகளே! வரும் வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பெட்டியைத் திறவுங்கள். தூசியைத் தட்டுங்கள். முன்பின் தாள்களில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். எது தைக்கத்தக்கது, எது கட்டி வைக்கத்தக்கது என்று பிரியுங்கள். நூலை எடுக்கும்போது முதுகின் விளிம்பை இழுக்காமல், இருபுற நூல்களையும் சற்றே உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து எடுக்கக் கற்றுக் கொடுங்கள். ஒரு கிண்ணம் கோதுமைப் பசையும், ஒரு முழம் காலிகோவும், ஓர் இரவுப் பொறுமையும் இருந்தால் இன்னுமொரு தலைமுறை அந்த ஏட்டை விரித்து ஓதும், இன்ஷா அல்லாஹ்!